சைக்கிளுக்கு ஒரு கம்பி

அபார்ட்மென்ட்டில் காருக்கு நம்பர் போட்ட இடம் உண்டு. பைக்குக்கு மஞ்சள் கோடு உண்டு. சைக்கிளுக்கு? தூண் இருக்கிறது, மாடிப்படிக்கு அடியில் இருட்டு இருக்கிறது, மோட்டார் ரூம் கதவு இருக்கிறது. எங்கே இடமோ அங்கே சாய்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

சந்தேகமாக இருந்தால் சென்னையில் ஏதாவது ஒரு ஸ்டில்ட் பார்க்கிங்குக்குள் நுழைந்து பாருங்கள் (வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு!). ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும் கூட்டத்தில் கடைசி சைக்கிளை எடுக்க முன்னால் இருக்கும் நாலையும் நகர்த்த வேண்டும். ஒருத்தர் பெடல் இன்னொருத்தர் ஸ்போக்கில் மாட்டியிருக்கும். கொஞ்சம் விலை கொடுத்து கியர் சைக்கிள் வாங்கிய பையன், புத்திசாலித்தனமாகச் செயினும் வாங்கி, சுவரில் இறங்கும் பி.வி.சி. பைப்போடு சேர்த்துப் பூட்டியிருப்பான். அந்தப் பைப்பை அறுக்க ஒரு ஹாக்சா பிளேடு போதும். சைக்கிளும் போகும், மூன்று மாடி பாத்ரூம் தண்ணீரும் வரும் :-)

சைக்கிளுக்கு என்று ஒழுங்காக ஒரு ஸ்டாண்டு போடலாமே என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு எப்போது வரும்? ஒன்று காணாமல் போன பிறகுதான். அன்றைக்கு எல்லோரும் சூடாகப் பேசுவார்கள். செகரட்டரி மூன்று கொட்டேஷன் வாங்குவார். எது குறைவோ அது ஓகே. டெண்டர் பாஷையில் எல்-1. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் சைக்கிள் ஸ்டாண்டில் எல்-1 ஆக வருவது பெரும்பாலும் ஒரே சாமான்தான். ஸ்கூல் நாட்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்... தரையோடு தரையாகக் கிடக்கும் கம்பிச் சட்டம், முன் சக்கரத்தை இரண்டு கம்பிக்கு நடுவே சொருக வேண்டும்.

அதில் என்ன குறை? முதல் குறை, சைக்கிளை அது பிடிப்பது முன் சக்கரத்தில் மட்டும். பக்கத்தில் யாராவது இடித்துவிட்டால் மொத்த எடையும் ரிம்மில் இறங்கும். அப்புறம் கடைக்குப் போய் கோட்டம் எடுக்க வேண்டும். இரண்டாவது குறை இன்னும் மோசம். பூட்டினால் முன் சக்கரத்தைத்தான் பூட்ட முடியும். இப்போது வரும் பல கியர் சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு நட்டே கிடையாது, ஒரு லிவர்தான். லிவரைத் தள்ளினால் சக்கரம் தனி, சைக்கிள் தனி. காலையில் வந்து பார்த்தால் பூட்டும் பத்திரம், சக்கரமும் பத்திரம், சைக்கிளைத்தான் காணோம்.

மூன்றாவது குறை, காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. கொட்டேஷனில் '5 சைக்கிள் ஸ்டாண்டு' என்று இருக்கும். கம்பிக்குக் கம்பி இடைவெளி 30 சென்டிமீட்டர் என்றால் ஐந்து சக்கரமும் சொருக 1.2 மீட்டர் போதும். ஆனால் சைக்கிளுக்கு சக்கரம் மட்டுமா இருக்கிறது? ஹேண்டில்பார் என்று ஒன்று இருக்கிறதே, அது சாதாரண சைக்கிளில் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் வரும். மவுண்டன் பைக் வகையறா என்றால் 70ஐத் தாண்டும். ஆக ஒன்று விட்டு ஒன்றுதான் நிறுத்த முடியும். பேப்பரில் ஐந்து, தரையில் மூன்று.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இந்த ஸ்டாண்டு 4,000 ரூபாய் என்றால் கொட்டேஷன்படி சைக்கிளுக்கு 800. நிஜத்தில் 1,333. பக்கத்தில் இன்னொரு கொட்டேஷன், இரண்டே சைக்கிள் நிற்கும் ஸ்டாண்டு, விலை 2,500. சைக்கிளுக்கு 1,250. கூட்டத்தில் இதைப் பார்த்தவுடன் "ரெண்டு சைக்கிளுக்கு ரெண்டாயிரத்து ஐநூறா!" என்று ஒரு மாமா எழுந்திருப்பார். ஒப்பீட்டுப் பட்டியலில் 'ஸ்டாண்டு ஒன்றுக்கு' என்ற காலத்தை அடித்துவிட்டு 'நிஜமாக நிற்கும் சைக்கிள் ஒன்றுக்கு' என்று போட்டால் எல்-1 இடம் மாறிவிடுகிறது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் யூனிட் எது என்று முதலில் முடிவு பண்ணு என்று தலையில் அடித்துச் சொல்லித் தருவது சும்மாவா?

அந்த இரண்டு சைக்கிள் ஸ்டாண்டு எது என்று சொல்லவில்லையே. தலைகீழாகத் திருப்பிய 'யு' எழுத்து. அவ்வளவுதான்! ஒரே பைப்பை இரண்டு இடத்தில் வளைத்து தரையில் நட்டது. இங்கிலாந்தில் இதற்கு ஷெஃபீல்டு ஸ்டாண்டு என்று பெயர், ஷெஃபீல்டு நகரத்தில் மிச்சமான பழைய கேஸ் பைப்புகளை வளைத்து இதைச் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் சைக்கிளின் உடம்பு, அதாவது ஃபிரேம், அதில் இரண்டு இடத்தில் சாயும். விழாது. ஃபிரேமையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்தே கம்பியோடு பூட்டலாம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அமெரிக்காவில் பாதசாரி, சைக்கிள் துறை வல்லுநர்களின் சங்கம் 2015இல் வெளியிட்ட கையேட்டிலும் இந்த ரகத்துக்குத்தான் முதல் மரியாதை. அலை மாதிரி நெளிந்தது, சுருள் சுருளாகப் போவது, ஸ்கூல் கம்பிச் சட்டம் எல்லாம் 'வேண்டாம்' பட்டியலில் இருக்கின்றன. கேட்லாக்கில் அழகாக இருப்பவை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன என்பது கூடுதல் தகவல்.

அளவு: உயரம் 75 சென்டிமீட்டர், நீளமும் கிட்டத்தட்ட அதே. ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப், வெளி விட்டம் 48 மில்லிமீட்டர் வரும். தரைக்குக் கீழே காலுக்கு 25 சென்டிமீட்டர் விட்டாலும் ஒரு ஸ்டாண்டுக்கு 2.75 மீட்டர். கடையில் பைப் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது, ஆக ஒரு பைப்புக்கு இரண்டு ஸ்டாண்டு. 24 வீடு இருக்கிற ஒரு குடியிருப்பில் 22 சைக்கிள் என்றால் 11 ஸ்டாண்டு, 6 பைப். இதற்கு வெளிநாட்டு கேட்லாக் எதுவும் தேவையில்லை, தெருமுனை கிரில் பட்டறையில் முடிகிற வேலை. ஆனால் பட்டறைக்காரரிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும்: மூன்று துண்டு வெட்டி மூலையில் வெல்டு வைக்கக் கூடாது, வளைக்க வேண்டும். கள்ளன் கை வைப்பது வெல்டில்தான். வளைக்கிற மெஷின் இல்லை என்றால் அதை வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்பச் சொல்லலாம். சதுர பைப் போட்டால் இன்னொரு லாபம், பிளம்பர்கள் வைத்திருக்கும் சுற்றி வெட்டும் கட்டர் அதில் வேலை செய்யாது.

ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு இடைவெளி ஒரு மீட்டர். இதில் மட்டும் பேரம் பேசக் கூடாது. "கொஞ்சம் நெருக்கிப் போடுங்க, இன்னும் ரெண்டு வரும்" என்று யாராவது சொல்வார்கள். நெருக்கினால் ஒரு பக்கம் மட்டும்தான் நிறுத்துவார்கள், போட்ட காசில் பாதி வேஸ்ட். விதிப்படி ஒரு கார் இடம் 2.5க்கு 5 மீட்டர். அதன் 5 மீட்டர் பக்கம் நடைவழியைப் பார்த்தபடி இருந்தால் ஐந்து ஸ்டாண்டு, பத்து சைக்கிள். ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துப் பேர் வண்டி! இதை ஏ.ஜி.எம்.மில் சொன்னால் கைதட்டல் வராது, அந்த ஒரு கார் யாருடையது என்ற கேள்விதான் வரும். அதற்கு அப்புறம் வருவோம்.

நடுவது எப்படி? புதுத் தரை என்றால் காலைக் கான்கிரீட்டுக்குள் இறக்கி, கீழே குறுக்காக ஒரு கம்பி வெல்டு வைத்துவிட வேண்டும், ஆட்டி ஆட்டிப் பிடுங்க முடியாது. பழைய தரை என்றால் தகடு வைத்து ஆங்கர் போல்ட். இங்கேதான் சென்னைக்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பல ஸ்டில்ட்களில் தரைக்குக் கீழே இருப்பது மண் இல்லை, சம்ப். மெட்ரோ வாட்டரும் லாரித் தண்ணீரும் நிறையும் தொட்டியின் மூடிதான் மேலே தரையாகத் தெரிகிறது. அதில் டிரில் போட்டால் மொத்தக் கட்டடத்தின் குடிதண்ணீருக்குள் துருவும் தூசியும் இறங்கும். கட்டட பிளானைப் பார்க்காமல் டிரில் மெஷினை ஆன் செய்யக் கூடாது. இன்னொன்று, பேவர் பிளாக் போட்ட தரையில் போல்ட் அடிப்பது தண்ணீரில் கோடு போடுவது மாதிரி. கல்லோடு சேர்ந்து கையில் வரும். கல்லை எடுத்துவிட்டுக் கீழே கான்கிரீட் போட்டு அதில் நட வேண்டும். சாதாரண நட்டும் வேண்டாம், ஒரு ஸ்பேனர் இருந்தால் சைக்கிளோடு ஸ்டாண்டையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். முறுக்கி முடித்ததும் தலை உடைந்து போகிற நட் கிடைக்கிறது. இல்லாவிட்டால் நட்டின் மேல் ஒரு பொட்டு வெல்டு.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்குத் துரு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம், கிரில் கேட்டுக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தோம் என்று அவர்களுக்கே தெரியும். ஹாட் டிப் முறையில் துத்தநாகக் குளியல் போட்ட பைப் வாங்கினால் பெயின்ட் செலவு இல்லை. வளைத்து வெல்டு வைத்த பிறகு குளியல் போட்டால் இன்னும் உத்தமம், ஏனென்றால் வெல்டு சூட்டில் அந்த இடத்துப் பூச்சு போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஆசைப்பட்டால் கடலோரத்தில் 304 ரகமும் பழுப்பேறும், 316 விலை கூட. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனை ஸ்டில்ட்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்பதை நினைத்துப் பார்த்தால், தரையோடு ஒட்டிய சாமான் எதுவாக இருந்தாலும் நனையும் என்று வைத்துத்தான் வாங்க வேண்டும்.

மற்ற ரகங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். சுவரில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவது இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் பழைய இருபத்திரண்டு இன்ச் வண்டி 20 கிலோ வரும், அதைத் தூக்கி மாட்ட எந்த அத்தையால் முடியும்? பத்து வயதுப் பையனால் முடியுமா? இரண்டடுக்கு ஸ்டாண்டு ரயில் நிலையங்களுக்குச் சரி. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிற்கும் நிலத்தடி நிறுத்தம் 2019இல் முழுதாக முடிந்தது, அங்கே பெரும்பாலும் இரண்டடுக்குதான். அதற்கு 2.7 மீட்டர் அளவுக்காவது உயரம் வேண்டும். நம்மூர் ஸ்டில்ட்டில் பீமும் டிரெய்னேஜ் பைப்பும் தலையில் இடிக்காமல் இருந்தாலே பெரிய விஷயம். கிரில் ரூம் கட்டிப் பூட்டுவது நல்ல யோசனை மாதிரித் தெரியும். 24 வீட்டுக்கு 24 சாவி, அதற்கு டூப்ளிகேட், வேலையாளுக்கு ஒன்று... இரண்டு மாதத்தில் சாவி கொத்து ஊரெல்லாம் இருக்கும், அப்புறம் கதவையே ஒரு கல் வைத்துத் திறந்து வைத்துவிடுவார்கள். அப்படிக் கட்டினாலும் வெளியிலிருந்து உள்ளே தெரிகிற கம்பி வலையாக இருக்க வேண்டும். சுவர் கட்டினால் கள்ளனுக்குத் தனி அறை ஒதுக்கியது மாதிரி.

ஸ்டாண்டு எதுவாக இருந்தாலும் இடம்தான் பாதிப் பாதுகாப்பு. வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து பார்வை விழ வேண்டும். ஒரு டியூப்லைட் எரிய வேண்டும். இ.பி. மீட்டர் போர்டை மறைக்கக் கூடாது. கேமரா இருக்கிறதே என்பார்கள். கேமரா திருட்டைப் படம் எடுக்கும், தடுக்காது. பூட்டு விஷயத்திலும் ஒரு வார்த்தை. பின் சக்கரத்தில் இருக்கும் ரிங் பூட்டு சைக்கிளை ஓட்டத்தான் விடாது, தூக்கிப் போக விடும். மெல்லிய கேபிள் பூட்டு கட்டிங் பிளேயருக்கு சில நொடி வேலை. யு வடிவ இரும்புப் பூட்டு தேவலாம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்ற பிரபல கம்பெனியின் உருளைச் சாவி பூட்டைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் உறையை வைத்தே திறக்கலாம் என்று வீடியோ பரவி, கம்பெனி பூட்டுகளைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. இன்றைக்குப் பேட்டரி கிரைண்டர் (மாவு கிரைண்டர் இல்லை, பட்டறை கிரைண்டர்) இருக்கிறவனை எந்தப் பூட்டும் ரொம்ப நேரம் நிறுத்தாது. ஆனால் அந்தச் சத்தத்தை வாட்ச்மேன் காதில் விழ வைக்க முடியும். அதனால்தான் நாற்காலி பக்கம்.

இப்போது அந்தக் கார் இடம். நிறைய பேர் ஸ்டில்ட்டில் கார் இடத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2010இல் நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ், ஸ்டில்ட் பார்க்கிங்கைக் கட்டடக்காரர் தனி யூனிட்டாக விற்க முடியாது, அது பொது இடத்தில் சேர்ந்தது என்று சொன்னது. 2016 ரெரா சட்டமும் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொது இடக் கணக்கில்தான் வைக்கிறது. இதை வைத்துக்கொண்டு யார் வீட்டுக் காரையும் வெளியே தள்ளச் சொல்லவில்லை! ஆனால் கார் இல்லாத வீடும் மெயின்டனன்ஸ் கட்டுகிறது. ஸ்டில்ட்டில் எரியும் லைட்டுக்கும் பெருக்குகிற ஆளுக்கும் அவர்களும் பங்கு தருகிறார்கள். விசிட்டர் கார் இடம் ஒன்றைக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

பட்டியலில் யாருடைய சைக்கிள் சேர்க்கப்படவில்லை என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி. 22 சைக்கிள் என்று எண்ணியபோது வீட்டுக்காரர்கள், வாடகைக்காரர்கள் வீட்டு வண்டிகளைத்தான் எண்ணியிருப்பார்கள். பாதிக்கு மேல் வாரம் ஒரு தடவை கூட நகராது. தினமும் ஓடுகிற சைக்கிள் எது? வாட்ச்மேன் அண்ணனுடையது. சமையலுக்கு வரும் அக்காவுடையது. பேப்பர் போடுகிற தம்பியுடையது. அவர் பெண்ணுக்கு ஸ்கூலில் கொடுத்த அரசு சைக்கிளாகக்கூட அது இருக்கும். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து 2005இல் பிளஸ் ஒன் படிக்கும் மற்றவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. இந்த வண்டிகள் எங்கே நிற்கின்றன? கேட்டுக்கு வெளியே, தெருவில்.

தெருவில் நின்றால் என்ன ஆகும்? 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவில் ஒரு புது விஷயம் உண்டு. திருடுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே, திருடியவன் முதல் தடவை மாட்டியவன், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் தண்டனை சமூக சேவை. அந்தத் தொகைக்குக் கீழான திருட்டைப் போலீஸ் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்கவும் முடியாது. சின்னத் தப்புக்கு ஜெயில் வேண்டாம் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் ஓட்டி ஓட்டித் தேய்ந்த பழைய சைக்கிள் எத்தனை ரூபாய் பெறும்? 5,000க்குக் கீழேதான். அதே சைக்கிள் குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளிருந்து போனால் 305ஆவது பிரிவு பேச்சுக்கு வரும், அதில் ஏழு ஆண்டு வரை இருக்கிறது. ஒரு கேட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்... அவ்வளவு வித்தியாசம். முப்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிள் போனால் ஒரு பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். ரைடு போகும். அக்காவின் சைக்கிள் போனால் அடுத்த நாள் நாலு வீட்டுச் சமையலில் இரண்டு வீடு போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே சைக்கிள் காணாமல் போனால் முதல் கேள்வி யாரிடம் போகிறது? "நீ எங்கேப்பா போயிருந்தே?" என்று வாட்ச்மேனிடம்தான். பி.வி.சி. பைப்பில் பூட்டி வைத்தது வீட்டுக்காரர், லைட் போடாதது அசோசியேஷன், பதில் சொல்ல வேண்டியது அவர். சம்பளத்தில் பிடித்த இடங்களும் உண்டு. தரையில் நட்ட கம்பியும் அதில் ஒரு நல்ல பூட்டும் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் குறைவு. ஆகவே 11 ஸ்டாண்டில் இரண்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று முதலிலேயே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். 'இடம் மிச்சம் இருந்தால்' என்று எழுதினால் மிச்சம் இருக்காது.

இடம் இல்லையே என்பவர்களுக்கு ஒரு வழி. ஆயுத பூஜைக்கு மறுநாள் கீழே போய்ப் பாருங்கள். பொட்டு வைக்காத சைக்கிள் எத்தனை என்று எண்ணுங்கள். பூஜை போடாத வீடுகளும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பாமல், டயரிலும் தரையிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டு ஒரு மாதம் விடலாம். கோடு அப்படியே இருந்தால் அது ஓடாத வண்டி. நோட்டீஸ் போர்டில் எழுதி, இன்னும் ஒரு மாதம் டைம் கொடுத்து, யாரும் கேட்கவில்லை என்றால் காயலான் கடைக்குப் போடுவது வழக்கம், கிலோ கணக்கில் நூறு இருநூறு கிடைக்கும். இரண்டு டியூப், நாலு பிரேக் கட்டை, கொஞ்சம் ஆயில் போட்டால் அதில் பாதி ஓடும். ஓட்ட ஆள் யார் என்று வாட்ச்மேன் அண்ணனுக்குத் தெரியும்.